விரிக்காமல் வைத்த கம்பளம்

என் தம்பி சேகருக்கு,

கூப்பிட்டால் நீ திரும்பிப் பார்க்கமாட்டாய் என்று தெரிந்தும் கூப்பிடுகிறேன். வாட்ஸ்அப்பில்கூட நான் "நலமா தம்பி" என்றுதான் தொடங்குவேன். "இது என்னக்கா, சர்க்கார் கடிதாசி மாதிரி" என்று நீ கேலி செய்வாய். இப்போது அந்த வார்த்தையைப் போட்டுத் தொடங்க முடியவில்லை. வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியாமலே ஏழு மாதம் போய்விட்டது.

உன் கம்பளத்தைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன். இதை வேறு நாலு பேரும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்.

அம்மா போனபோது உனக்குப் பதினோரு வயது, எனக்குப் பத்தொன்பது. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். நம் தீவில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நான் வேலைக்குச் சேர்ந்ததும், உன் பள்ளிச் சட்டையைத் தினமும் துவைத்துக் காத்தாடிக்குக் கீழே காயப்போட்டதும் உனக்கு நினைவிருக்கும். இருந்தது ஒரே சட்டை. கறை பட்டால் மாற்று இல்லை. ஒரு பொருளைக் கெடாமல் எடுத்து வைப்பது அந்த வயதில் என் உடம்போடு ஒட்டிக்கொண்டது. நல்ல தட்டு விருந்தாளிக்கு, நல்ல போர்வை தீபாவளிக்கு, நல்ல சேலை யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ. எதைக் கேட்டாலும் என் வாயில் "அப்புறம் பார்க்கலாம்" என்றுதான் வரும். காலம் மாறி, நீ படித்து, நல்ல வேலைக்குப் போன பிறகும் அந்த வார்த்தை என்னை விட்டுப் போகவில்லை.

நீ ஈரானில் எரிவாயு ஆலை வேலைக்குப் போய் இரண்டாவது வருஷ லீவில் வந்தாயே, அந்த மத்தியானம் எனக்கு அப்படியே கண்ணில் நிற்கிறது. லிஃப்ட் கெட்டுப்போயிருந்தது. துணியில் சுற்றிய ஒரு பெரிய உருளையைத் தோளில் சுமந்துகொண்டு நாலு மாடி ஏறி வந்தாய். முகமெல்லாம் வேர்வை. செருப்பைக்கூடக் கழற்றாமல், "அக்கா, மேசையைக் கொஞ்சம் தள்ளுங்க" என்றாய்.

ஹாலில் அதை உருட்டி விட்டாய். சிவப்பும் நீலமுமாக வந்து சுவரோரம் முட்டி நின்றது. பக்கத்து வீட்டுச் சுசீலா சத்தம் கேட்டு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, மேலே கால் வைக்கப் பயந்துகொண்டு ஓரத்திலேயே நின்றாள். நீ அவள் கையைப் பிடித்து நடுவில் கொண்டுவந்து நிறுத்தினாய்.

"மிதிங்க சுசீலாக்கா. மிதிக்கத்தான் செஞ்சது."

பிறகு நீ தரையில் உட்கார்ந்து, ஓரத்தை மடித்து முதுகுப் பக்கத்தை எனக்குக் காட்டினாய். "இதைத் தொட்டுப் பாருங்கக்கா. இந்தப் புள்ளி ஒவ்வொண்ணும் ஒரு முடிச்சு. கூட வேலை செய்ற ரேசா இருக்காருல்ல, அவரு வொய்ஃப் பர்வீன் போட்டது. பதினாலு மாசம். நான் அவங்க வீட்டுக்குப் போனப்ப இது தறியில கொஞ்சம்தான் ஏறியிருந்துச்சு. முடிச்சதும் எனக்கே கொடுங்கன்னு சொல்லி வச்சுட்டு வந்தேன்."

நான் ஒரு குறை கண்டுபிடித்தேன். எனக்கு அது கைவந்த வேலை. "இங்க நீலம் ஏன்டா மாறுது? பழுதா?"

"பழுது இல்லக்கா. அவங்க நூலுக்குச் சாயம் வீட்டுலயே காய்ச்சுறாங்க. நீலத்துக்கு அவுரி, சிவப்புக்கு மஞ்சிட்டி வேரு. நடுவுல நீல நூல் தீர்ந்துபோச்சு. மறுபடி நனைச்சப்ப கொஞ்சம் வெளுப்பா வந்துருச்சு. மிஷின்ல போட்டா எல்லா நீலமும் ஒரே நீலம். கையால செஞ்சா, எந்த இடத்துல எந்த நாள் வந்துச்சுன்னு தெரியும்."

அவர்கள் வீட்டைப் பற்றி நீ சொல்லச் சொல்ல எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சோபா கிடையாது, கட்டில் கிடையாது. கம்பளத்தின் மேல் துணி விரித்துச் சாப்பிடுகிறார்கள், அதன் மேலேயே படுக்கிறார்கள். பிள்ளைகள் அதில் குப்புறப் படுத்துப் பாடம் எழுதுகிறார்கள். தேநீர் கொட்டினால் ஒரு ஈரத்துணி, அவ்வளவுதான். யாரும் யாரையும் திட்டுவதில்லை. "காலு படப் படத்தான் அது மின்னும்னு சொல்றாங்கக்கா. நம்ம வீட்டுலயும் அப்படி ஒண்ணு இருக்கணும்னு தோணுச்சு. உங்களுக்குச் சிமெண்டுத் தரையில உட்கார்ந்தா முட்டி வலிக்குதுல்ல."

என் முட்டி வலிக்காக நீ அதைச் சுமந்து வந்தாய். எனக்கு அது அன்றைக்குக் காதில் விழவேயில்லை. என் காதில் விழுந்ததெல்லாம் பதினாலு மாசம் என்பதுதான். பதினாலு மாசம் ஒருத்தி உட்கார்ந்து செய்ததை மீன் கறி சிந்தும் ஹாலில் எப்படிப் போடுவது?

"இது அன்றாடம் போடுற சாமானாடா? உனக்குக் கல்யாணம் ஆகட்டும். பொண்ணு வீட்டுக்காரங்க வர்ற அன்னைக்கு விரிப்போம்."

நீ சிரித்தாய். அன்று சாயங்காலமே நான் தடித்த பிளாஸ்டிக் தாள் வாங்கி வந்து, காற்றுப் புகாதபடி சுற்றி, நாடா ஒட்டி, அலமாரி உச்சியில் வைக்கச் சொன்னேன். நாற்காலி மேல் ஏறி வைத்தவன் நீதான். நான் சொன்னதால் வைத்தாய்.

ஒவ்வொரு லீவிலும் வந்து பையை இறக்கியதும் கேட்பாய். "விரிச்சீங்களாக்கா?" எனக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பதில் இருந்தது. வீட்டுக்குச் சாயம் அடிக்கட்டும். மழைக்காலம் போகட்டும். சுசீலா வீட்டுப் பூனை உள்ளே வருகிறது. தீபாவளிக்குப் பிள்ளைகள் வருவார்கள், அவர்கள் போகட்டும். உனக்குப் பார்த்த பெண் வீட்டார் இரண்டு முறை வந்தார்கள். அன்றைக்கும் நான் விரிக்கவில்லை. முடிவு தெரியட்டும் என்றேன். இரண்டுமே முடியவில்லை. பிறகு நீ கல்யாணப் பேச்சை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாய்.

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். எழுதித்தான் ஆகவேண்டும். ஒரு சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து நான் வந்து கதவைத் திறந்தேன். ஹாலில் கம்பளம் விரித்திருந்தது. நீ அரைக்கால் சட்டையோடு அதன் நடுவில் மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாய். தலைமாட்டில் காலி காப்பிக் குவளை. ஜன்னல் வெயில் உன் பாதத்தின் மேலும் அந்த வெளுத்த நீலத்தின் மேலும் விழுந்திருந்தது. இப்போது நினைத்தால், அந்த வீட்டில் நான் பார்த்த மிக அழகான காட்சி அதுதான்.

நான் என்ன செய்தேன் தெரியுமே. கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் கத்தினேன். "என்னடா இது, சத்திரமா? காப்பி கொட்டினா யாரு கழுவுறது?"

நீ எழுந்து உட்கார்ந்தாய். கோபப்படவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாய். "நாம எப்பக்கா இந்த வீட்டுல குடியிருக்கப் போறோம்?"

"இருபது வருஷமா இங்கதானடா இருக்கோம்" என்றேன்.

நீயே அதைச் சுருட்டினாய். நான் உதறிக்கூடப் பார்க்காமல் அவசரமாகப் பழைய பிளாஸ்டிக்கையே சுற்றினேன்.

ஈரான் வேலை முடிந்து நீ நிரந்தரமாக வீடு வந்தாய். கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த் பக்கம், பாகான் டாலாம் பட்டறையில் வேலை கிடைத்தது. காலையில் ஃபெர்ரி, சாயங்காலம் ஃபெர்ரி. இரவில் இரண்டு பேரும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து செய்தி பார்ப்போம். அந்த மூன்று வருஷத்தில் நீ ஒரு தடவைகூடக் கம்பளத்தைப் பற்றிக் கேட்கவில்லை. நீ கேட்பதை நிறுத்தியதே எனக்குத் தெரியவில்லை, சேகர். இப்போதுதான் உறைக்கிறது. ஒரு மனுஷன் ஒன்றைக் கேட்டுக் கேட்டு விட்டுவிட்டால், கூட இருப்பவளுக்கு அது தெரிய வேண்டாமா?

நீ போன அன்று காலை பத்தரை மணிக்கு உன் பட்டறையிலிருந்து கூப்பிட்டார்கள். "அக்கா, கொஞ்சம் உடனே பட்டர்வொர்த் வாங்க" என்று மட்டும் சொன்னார்கள். சுசீலாவின் கணவர் மணியம் அண்ணன் என்னைக் கூட்டிப்போனார். பாலம் நெரிசலாக இருக்கும் என்று ஃபெர்ரியில் ஏறினோம். நீ தினமும் போன அதே தண்ணீர். நான் உட்காரவேயில்லை. நின்றுகொண்டே போனால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடலாம் என்பது போல ஒரு எண்ணம்.

நாங்கள் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. உன்னோடு வேலை செய்யும் குமார் அழுதுகொண்டே சொன்னான். "தே தண்ணி குடிச்சிட்டு நெஞ்சு ஒரு மாதிரி இருக்குன்னாருக்கா. கொஞ்சம் படுத்துக்கிறேன்னு சொன்னாரு. அங்க கிடந்த அட்டைப்பெட்டியைப் பிரிச்சுத் தரையில போட்டு நான்தான் படுக்க வச்சேன். தண்ணி எடுத்துட்டு வர்றதுக்குள்ள..."

அவனை நான் குறை சொல்லவில்லை. இருந்ததைத்தான் அவன் விரித்தான். ஆனால் அந்த அட்டையை என் மனசிலிருந்து எடுக்க முடியவில்லை. உனக்கென்று ஒரு கம்பளம் அலமாரி உச்சியில் இருந்தது. நீ அட்டையில் படுத்துப் போனாய்.

மறுநாள் காலை உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சுசீலா என்னிடம் வந்து குனிந்து கேட்டாள். "மாலதி, பொம்பளைங்க உட்கார பாய் இருக்கா?"

எனக்குச் சட்டென்று தோன்றியது. "பாய் வேணாம். அவன் கம்பளம் இருக்கு. அதை எடுங்க" என்றேன். மணியம் அண்ணன் ஏறி இறக்கினார். நாடாவை அறுத்தார். உள்ளே இருந்து ஒரு புழுங்கிய வாடை வந்தது. அவரும் உன் பட்டறைக்காரர் ஒருவரும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து உருட்டி விட்டார்கள்.

பழுப்பு நிறத்தில் குட்டிக் குட்டி அந்துப்பூச்சிகள் எழும்பிப் பறந்தன. சிவப்புக் கம்பளி, தவிடு மாதிரி, கொத்துக் கொத்தாகத் தரையில் உதிர்ந்தது. அந்தக் கம்பளத்தில் பாதி இல்லை, சேகர். பூ இருந்த இடமெல்லாம் வெறும் வெள்ளைப் பருத்தி நூல் தெரிந்தது. பூச்சிக்குக் கம்பளிதான் வேண்டும், பருத்தி வேண்டாம். தின்றதைத் தின்றுவிட்டு எலும்பை மட்டும் விட்டு வைத்திருந்தது.

சுசீலாதான் முதலில் குனிந்து ஒரு முனையை மடித்தாள். "நீங்க பார்க்காதீங்க லா. அப்புறம் பார்த்துக்கலாம்."

நான் வாழ்நாளெல்லாம் சொன்ன வார்த்தையை அன்று அவள் எனக்குச் சொன்னாள். அதுவரை எனக்குக் கண்ணில் தண்ணீர் வரவில்லை. அப்போதுதான் வந்தது. நான் உனக்காக அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். எதற்காக அழுதேன் என்று எனக்கே இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் சுசீலா வீட்டுப் பாயைத்தான் விரித்தார்கள். மின்சுடலைக்கு உன்னைக் கொண்டுபோகும்வரை அந்தக் கம்பளம் பின்கட்டில், சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில், மடித்தபடி கிடந்தது.

பத்து நாள் கழித்து உன் ஃபோன் அடித்தது. நான் அதை அணைக்கவில்லை, சார்ஜ் போட்டுக்கொண்டே இருந்தேன். ரேசா. அவருக்கும் எனக்கும் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் நீ இல்லை என்பதைச் சொல்லி முடிக்க வெகு நேரம் ஆயிற்று. அவர் வாய்விட்டு அழுதார். பின்னால் ஒரு பெண் குரல் என்னென்னவோ கேட்டது.

"பர்வீன் கேட்கிறாள். கம்பளம் உங்கள் வீட்டில் எந்த இடத்தில் இருக்கிறது?"

நான் பொய் சொன்னேன். "ஹாலில். ஜன்னல் பக்கத்தில். அவன் தினமும் அதில்தான் உட்காருவான்."

அவர் அதை அவளுக்குச் சொன்னார். அவள் அழுகைக்கு நடுவில் ஏதோ நன்றி சொன்னாள் போலிருந்தது. "உங்களுக்கு மனம் ஆறியதும் ஒரு படம் அனுப்புங்கள். அவன் உட்கார்ந்த இடத்தை அவள் பார்க்க வேண்டுமாம்" என்றார். அனுப்புகிறேன் என்றேன்.

அந்தப் பொய்தான் என்னை வீட்டை விட்டுக் கிளப்பியது. மணியம் அண்ணன் விசாரித்து, சூலியா ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கம்பளம் கழுவித் தைக்கும் இடம் இருப்பதாகச் சொன்னார். கடைவீட்டின் மேல்மாடி. ஹலீமா என்று ஒரு பெண், நாற்பது வயதுக்குள் இருக்கும். நான் ஹாலில் நடந்ததையெல்லாம் சொல்லவில்லை. "பூச்சி அரிச்சிருச்சு" என்று மட்டும் சொன்னேன்.

அவள் மேசையில் அதை விரித்து, முதலில் முதுகுப் பக்கம் திருப்பினாள். விரலால் தடவிக்கொண்டே போனாள். "நல்ல கை. முடிச்சு ஒவ்வொண்ணும் எவ்வளவு இறுக்கமா போட்டிருக்காங்க பாருங்க. எங்கக்கா வச்சிருந்தீங்க?"

"அலமாரி மேல. பிளாஸ்டிக்ல நல்லா சுத்தித்தான் வச்சிருந்தேன்."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "எத்தனை நாளா?"

"ஒம்பது வருஷம்."

"ஒருக்காகூட விரிக்கலியா?"

"ஒருக்கா. ஒரு மத்தியானம்."

அவள் மேசையில் உதிர்ந்த கம்பளியைக் கையால் ஒதுக்கிக்கொண்டே சொன்னாள். "இருட்டும் புழுக்கமும்தான்க்கா பூச்சிக்கு வேணும். ஆளு நடமாடுற இடத்துல, வெளிச்சத்துல கிடந்தா கிட்ட வராது. மிதிச்சிருந்தா இது இன்னும் அம்பது வருஷம் இருந்திருக்கும்."

அவள் மேல் தப்பில்லை. யார் யாருக்கு வாங்கியது என்று அவளுக்குத் தெரியாது. நான் அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் பயந்துபோய் நாற்காலி இழுத்துப் போட்டு, வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள். அப்புறம்தான் உன்னைப் பற்றிச் சொன்னேன்.

நான் கிளம்பும்போது அவளே ஒரு வழி சொன்னாள். தின்ற இடமெல்லாம் புதிதாக முடிச்சுப் போடுவது நடக்காத காரியம், போனது அவ்வளவு. "இந்த ஒரு பக்கம் ரொம்ப மோசம். அதை வெட்டி எடுத்துட்டு ஓரம் கட்டித் தர்றேன். சின்னதா ஆகும், ஆனா பார்க்க முழுசா, அழகா இருக்கும். ரூம்ல போட்டுக்கலாம்."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். அழகாக ஒரு படம் அனுப்பினால் போதும் என்று நினைத்தேன். மறுநாள் காலை பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது, நீ நாலு மாடி ஏறி வந்த அந்த முகம் வந்தது. வாயைக் கொப்பளிக்காமலே ஃபோனை எடுத்தேன். "ஹலீமா, வெட்டிட்டீங்களா?"

"இன்னும் இல்லக்கா. இப்பத்தான் கடையே திறக்குறேன்."

"வெட்டாதீங்கம்மா. அவன் முழுசாத்தான் வாங்கிட்டு வந்தான். ஓட்டையோட இருக்கட்டும். மேல பிரியாம மட்டும் கட்டிக் கொடுங்க."

அவள் கழுவி, மொட்டை மாடி வெயிலில் நாலைந்து நாள் திருப்பித் திருப்பிக் காயப்போட்டு, வெறும் நூல் தெரிந்த இடங்களைப் பின்னாலிருந்து துணி கொடுத்துத் தாங்கித் தைத்துத் தந்தாள். அந்த மோசமான முனையில் மட்டும் துணி வைக்கவில்லை. பூச்சி அங்கே மேல் ரோமத்தைத்தான் தின்றிருக்கிறது, நூலைச் சுற்றிய முடிச்சின் கழுத்து பின்பக்கம் அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறது, சுற்றி ஓரம் கட்டினால் போதும் என்றாள்.

நான் பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சுசீலா வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, ஹாலில் ஜன்னல் பக்கம் அதை விரித்தேன். நீ படுத்திருந்த அதே இடம். சிவப்பு, நீலம், நடுநடுவே தீவு தீவாக வெள்ளை. முதல் நாளே காப்பி கொட்டினேன். வேண்டுமென்று இல்லை, கை தவறிக் கொட்டிவிட்டது. ஈரத்துணியால் ஒற்றினேன். போய்விட்டது. அவ்வளவுதான் விஷயம், சேகர். அவ்வளவு சுலபம்.

முட்டி வலி இப்போது குறைவு. இதையும் உனக்குச் சொல்லத்தான் வேண்டும்.

படம் எடுத்தேன். மூன்று நாள் அனுப்பவில்லை. வெள்ளை தெரியாதபடி மேசையை நகர்த்தி இன்னொன்று எடுத்துப் பார்த்தேன். அதை அழித்துவிட்டேன். பிறகு நடந்ததை எல்லாம் ஆங்கிலத்தில் எழுதினேன். பொய் சொன்னேன், விரிக்கவேயில்லை, உங்கள் உழைப்பை நான்தான் பூச்சிக்குக் கொடுத்தேன், அவன் அதில் ஒரே ஒரு மத்தியானம்தான் தூங்கினான் என்று எழுதி, முழுப் படத்தையும் சேர்த்து அனுப்பினேன்.

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் பர்வீனின் குரல் பதிவு வந்தது. எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. குரல் மட்டும் தணிவாக, நடுநடுவே நின்று நின்று வந்தது. அதன் கீழே ரேசா எழுதியிருந்தார். படத்தைப் பார்த்து முதலில் பர்வீன் மிகவும் வருந்தினாளாம். அதை மறைக்க வேண்டாம் என்று அவளே சொன்னாளாம். பிறகு இதைக் கேட்கச் சொல்லியிருக்கிறாள்.

"சேகர் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று தறிக்கு முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வரிசை முடிச்சு அவனே போட்டான். என் அக்காவுக்கு என்று சொல்லிச் சொல்லிப் போட்டான். தொளதொளவென்று இருந்தது. அவன் போனதும் பிரித்துவிடலாம் என்று நினைத்தேன். மனசு வரவில்லை. நீலம் மாறும் இடத்துக்குக் கீழே, மூலையில், சிவப்புப் பூவுக்கு மேலே இருக்கும். அது இருக்கிறதா?"

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தரையில் மண்டியிட்டேன். ஹலீமா வெட்டி எடுத்துவிடலாம் என்று சொன்ன பக்கத்து மூலைதான் அது. மேலே ஒன்றும் இல்லை. சிவப்புப் பூவும் இல்லை, உன் வரிசையும் இல்லை. வெறும் வெள்ளை. பிறகு ஹலீமா சொன்னது நினைவு வந்து மூலையைத் திருப்பினேன். பர்வீனின் முடிச்சுகள் கடுகு கடுகாக, ஒரே சீராக ஓடுகின்றன. நடுவில் ஒரு வரிசை மட்டும் பருத்து, கோணலாக, ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு, இங்கே ஒன்று அங்கே ஒன்று விட்டுப்போயும் நிற்கிறது.

உன் கையெழுத்தும் அப்படித்தானே இருக்கும்.

இதை நீ ஏன் எனக்குச் சொல்லவேயில்லை? ஒன்பது வருஷம். விரித்த பிறகு காட்டலாம் என்று வைத்திருந்தாயா? நான் விரிப்பேன் விரிப்பேன் என்று நீயும் உள்ளுக்குள் ஒன்றை எடுத்து வைத்திருந்தாயா? அந்தச் சனிக்கிழமை நான் கத்தாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், எழுந்ததும் அந்த மூலையைத் திருப்பிக் காட்டியிருப்பாயோ? உன்னிடம் கேட்க எனக்கு இருப்பது இந்த ஒரு கேள்விதான். பதில் எங்கிருந்தும் வரப்போவதில்லை.

"இருக்கிறது, பின்னால் இருக்கிறது" என்று பர்வீனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அவள் தன் கையை நெஞ்சில் வைத்து ஒரு படம் திருப்பி அனுப்பினாள். இப்போது வெள்ளிக்கிழமை தோறும் அந்த வீட்டிலிருந்து எனக்கு ஒரு குரல் பதிவு வருகிறது. எனக்குப் புரியாது. கடைசிவரை கேட்டுவிட்டு நானும் தமிழில் ஏதாவது பேசி அனுப்புகிறேன். சுசீலா, "என்ன பேசிக்கிறீங்க ரெண்டு பேரும்?" என்று கேட்கிறாள். எனக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு.

இன்னும் ஒன்று உன்னிடம் ஒத்துக்கொள்ள வேண்டும். உன் வரிசையைக் கண்டுபிடித்த அன்றே அந்த மூலைக்கு மேல் ஒரு முக்காலியை இழுத்து வைத்தேன். யார் காலும் படக்கூடாது என்று. சுசீலாவின் பேத்தி ஓடி வந்தால், "அந்தப் பக்கம் போகாதே" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நானும் சுற்றித்தான் நடக்கிறேன். நேற்று முக்காலிக்குக் கீழே பெருக்கக் குனிந்தபோது அங்கே இருட்டாக, தூசியாக இருந்ததைப் பார்த்தேன். விளக்குமாற்றைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உன்னை இழந்தும் எனக்குப் புத்தி வரவில்லை பார்த்தாயா.

இதை முடித்ததும் எழுந்து அந்த முக்காலியை எடுத்துவிடுகிறேன். வெறுங்காலோடு அந்த மூலையில் நிற்பேன். நாளைக்கும் நிற்பேன். சுசீலாவின் பேத்தியையும் நிற்கச் சொல்வேன். நீ போட்ட முடிச்சு தேய்ந்தால் தேயட்டும் தம்பி, என் காலடியிலேயே தேயட்டும். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு. இதை மட்டும் தள்ளிப் போடமாட்டேன்.

உன்னைத் தூக்கி வளர்த்த கைகளோடு,
உன் அக்கா மாலதி